பௌத்த தருமமும் நாமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இந்து வாலிபர் கூடிய இச்சபையிலே பௌத்த சமயத்தைப்பற்றிப் பேசுவது எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமற்றதன்று. இந்நாட்டிலே பௌத்தம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்திற் புத்தருடைய முகம் தோன்றுவதற்கு முன்னரே அரசியலின் முகம் தோன்றிவிடுகின்றது. அரசமரத்தடியிற் புதிய சிலையொன்று வைக்கப்பட்டது என்ற செய்தியைப் பத்திரிகையிற் படிக்குந் தமிழ் வாலிபன் நான்கு வாய்மைகளை நினைப்பதில்லை. தன் ஊர்க் காணியை நினைக்கின்றான். இதனை மறைத்துப் பேசுதல் உபசாரமாகுமேயன்றி உண்மையாகாது. ஆயினும், ஒரு சமயத்தை அதன் பெயராற் பிறர் செய்வனவற்றைக்கொண்டு மாத்திரம் அளப்பவன் அச்சமயத்தை அறிந்தவனாகான். நமது சமயத்தைப் பிறர் அங்ஙனம் அளந்தபொழுது நாம் எவ்வளவு வருந்தினோம் என்பதை நாவலர் காலந்தொட்டு நாம் அறிவோம். ஆகவே முதலிற் புத்தரிடமே செல்வோம்.

கௌதம சித்தார்த்தர் பிறந்தவிடம் உலும்பினி. அஃது இப்பொழுது நேபாள நாட்டின் தென் எல்லையை அடுத்துள்ளது. தந்தையார் சாக்கியர் குலத்துச் சுத்தோதனர்; தாயார் மாயாதேவி; தாயார் இறந்தபின் வளர்த்தவர் மகாபிரசாபதி கோதமி. 1896ஆம் ஆண்டிலே உலும்பினியில் அசோகச் சக்கரவர்த்தி நாட்டிய கற்றூண் கண்டுபிடிக்கப்பட்டது. தாம் முடிசூடி இருபது ஆண்டு சென்றபின் நேரில் வந்து வழிபட்டதாகவும், பகவான் பிறந்த ஊராதலின் அவ்வூரார் இறுக்கும் வரியைக் குறைத்து எட்டிலொன்றாக்கியதாகவும் அரசர் அதிற் பொறித்துள்ளார். பக்தி மிகுந்த அரசர் கூரைக்குப் பொன் வேய்ந்த செய்திகள் பலவுண்டு. ஊராரின் சுமையைக் குறைத்த செய்தி சிலவே. அதனால் அக்கல்வெட்டு எனக்கு மிகவும் உவப்பானது.

காலத்தைப்பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. இலங்கை மரபு பரிநிருவாணத்தைக் கி.மு. 544-543 என்று கொள்ளும். ஆராய்ச்சியாளரிற் பலர் கி.மு. 483 அளவில் என்பர். வேறு பலர் கி.மு. 400ஐ அடுத்து என்பர். எவ்வாறாயினும், வேள்வியால் எல்லாம் எய்தலாம் என்ற நம்பிக்கை தளர்ந்து, உபநிடத முனிவரும், மகாவீரரும், ஆசீவகரும், உலோகாயதரும் ஆளுக்கொரு விடை கூறிய கங்கைச் சமவெளியிலே புத்தர் தோன்றினார் என்பது உறுதி.

அவர் இல்லந்துறந்த கதையை நீங்கள் யாவரும் அறிவீர்கள். நள்ளிரவும் குதிரையும் உறங்கும் மனைவி மைந்தரும் சேர்ந்த அக்கதை காவியங்கள் விரித்துரைத்தது. பாளியிலுள்ள பழைய சூத்திரமொன்றோ, தாய் தந்தையர் கண்ணீர் வடிக்கத் தலைமயிரைக் களைந்து காவியுடுத்துப் புறப்பட்டதாக மட்டுங் கூறுகின்றது. எனக்கு இந்த எளிய வரலாறே மிக உருக்கமாகத் தோன்றுகின்றது. 29ஆம் வயதிற் புறப்பட்டவர் ஆளார காலாமர், உத்தக ராமபுத்திரர் என்னும் இரு குருமாரிடம் யோகம் பயின்றார், போதாதென விடுத்தார். உடம்பை வற்றவைக்குங் கடுந்தவத்தையும் பார்த்தார், அதனையும் விடுத்தார். கயையிலே அரசமரத்தின் கீழ் 35ஆம் வயதிற் போதம் பெற்று, காசிக்கு அருகிலுள்ள இசிபதன மான்சோலையில் ஐந்து துறவிகளுக்கு முதலுபதேசஞ் செய்தார். பின்னர் 45 ஆண்டு கால்நடையாகத் திரிந்து போதித்து, 80ஆம் வயதிற் குசிநகரத்திலே இரு சாலமரங்களுக்கிடையே கிடந்து மறைந்தார். அவருக்கு இறுதியாக அமுதளித்தவன் சுந்தன் என்னும் கம்மியன். அவ்வுணவுக்குப் பின்னரே நோய் மிகுந்தது. ஆதலின் ஊரார் அவனைப் பழிக்காதிருக்கவேண்டும் என்றும், அவன் படைத்த உணவு பெரும் பேறுடையது என்றும் அவனுக்குச் சொல்லும்படி மரணப் படுக்கையிலிருந்து ஆனந்தரிடம் கூறினார். புத்தர் யார் என்று எவரேனும் என்னைக் கேட்பின் தத்துவத்தைச் சொல்லுமுன் இச்செய்தியையே யான் சொல்வேன்.

இனிக் கொள்கைக்கு வருவோம். வைத்தியன் முதலில் நோயை அறிகின்றான், பின் அதன் காரணத்தை அறிகின்றான், தீருமா என ஆராய்கின்றான், மருந்து கொடுக்கின்றான். துக்கம், துக்கத்தின் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் மார்க்கம் என்னும் நான்கு வாய்மைகளும் இம்முறையிலேயே அமைந்துள்ளன. துக்கம் என்றவுடன், புத்தர் உலகத்தை எப்பொழுதும் அழுகையாகக் கண்டார் என்று சிலர் எண்ணுவர். அவ்வாறன்று. இன்பமும் நிலையாது, நிலையாததைப் பற்றிக்கொண்டிருப்பவனுக்கு அமைதியில்லை என்பதே கருத்து. காரணம் வேட்கை. அதற்குங் காரணம் பேதைமை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு நிதானங்களின் வட்டத்தை மணிமேகலை இறுதிக் காதையிற் சாத்தனார் தூய தமிழ்ச் சொற்களால் விளக்கியிருத்தலைக் காணலாம். மார்க்கமோ எட்டு உறுப்புடையது: நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. இல்லறத்தார்க்கு ஐந்து சீலங்கள் உண்டு. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு பாவனைகளும் உண்டு. இந்நான்கையும் இதே பெயர்களால் பதஞ்சலியாருடைய யோக சூத்திரத்திலும் காண்பீர்கள்.

உலகம் அனாதியா, முடிவுடையதா, உயிரும் உடம்பும் ஒன்றா வேறா என்று மாலுங்கியபுத்தர் என்னும் பிக்கு விடாது வினாவியபோது, புத்தர் ஓர் உவமை கூறினார். நஞ்சூட்டிய அம்பு தைத்தவன், எய்தவன் எக்குலத்தான், வில் எம்மரத்தாலானது, நாண் எந்நாராலானது என்பவற்றை அறிந்தபின்பே அம்பைப் பிடுங்கலாம் என்றிருந்தால், அறியுமுன் இறந்துபடுவான் அல்லனோ? இது தட்டிக்கழித்தல் அன்று. எது முதலில் வேண்டும் என்ற தீர்ப்பு. இத்தீர்ப்புடன் சைவராகிய நாம் முழுவதும் உடன்படல் இயலாது. எய்தவன் யார் என்பதன்று, அம்பைப் பிடுங்கும் கருணையாளன் யார் என்பதே நமது வினா.

இவ்விடத்திலே நான் சற்று நின்று பேசவேண்டும். புத்தர் விட்டுணுவின் ஒன்பதாவது அவதாரம். பௌத்தம் இந்து மதத்தின் ஒரு கிளை. ஆகவே வேற்றுமை ஒன்றுமில்லை என்று நம் மேடைகளிலே அடிக்கடி கூறப்படுகின்றது. சுவாமி விவேகானந்தரும் 1893ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரத்துச் சர்வமத மகாசபையிலே பௌத்தத்தை இந்து சமயத்தின் நிறைவு என்று அன்பு பெருகப் பேசினார். அன்பு நன்று. ஆனால் அயலவனை நம் வீட்டுப் பிள்ளை என்று கூறிவிட்டு அவன் பேச்சைக் கேளாதிருத்தல் மரியாதையாகாது. புத்தர் நிலைபெற்ற ஆன்மா ஒன்றில்லை என்றார். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ளவறிவு என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டத்தையே மனிதன் என்கிறோம் என்பது அவர் கொள்கை. சக்கரமும் அச்சும் நுகமும் சேர்ந்தவிடத்துத் தேர் என்ற பெயர் வழங்குவதுபோல என்று நாகசேனர் மிலிந்த அரசனுக்கு விளக்கினார். சைவசித்தாந்தமோ பதி, பசு, பாசம் மூன்றும் அனாதி என்னும். வினை சடமாதலின் அதன் பயனைக் கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்று நாம் கூறுவோம். வினை தானே பயன் தரும் என்று அவர் கூறுவர். இவை சிறு வேற்றுமைகள் அல்ல.

எல்லாம் கணந்தோறும் அழியுமாயின் வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவன் ஆகானோ என்று நம் ஆசிரியர்கள் வினாவினார்கள். கூர்மையான வினா. பௌத்தர் அதற்கு விடை வைத்திருக்கின்றனர்: முதற் சாமத்து விளக்கின் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் அதுவே என்றுங் கூறலாகாது, வேறு என்றுங் கூறலாகாது என்பர். அவ்விடை போதுமா, போதாதா என்பது வேறு. விடையை அறியாமல் வினாவை மாத்திரம் மனப்பாடஞ் செய்தவன் வாதத்தில் வென்றவனாகான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திலே என்ன செய்தார் என்று பாருங்கள். சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்னும் நால்வகைப் பௌத்தரின் மதத்தை முதலிற் கூறி, அதன் பின்னரே மறுதலை கூறினார். எதிரியின் வாயில் அவனுடைய சொல்லையே வைத்தார். இதில் மற்றொன்றுங் கவனிக்கத்தக்கது: இலங்கையில் நிலவுவது தேரவாதம். பரபக்கத்தார் மறுத்த நால்வருள் இப்பெயர் இல்லை. பரபக்கத்தைப் படித்துவிட்டு அயலூர் விகாரையிலுள்ள பிக்குவின் கொள்கையை அறிந்துவிட்டோம் என்று எண்ணுதல் தவறு.

நம் பெரியோருக்கும் பௌத்தருக்கும் இருந்த உறவு பூசலாக மாத்திரம் இருந்ததில்லை. சம்பந்தர் பதிகங்களிற் பத்தாம் பாட்டுச் சமணரையும் சாக்கியரையும் கண்டிப்பது வழக்கம் என்பதும், ஈழத்துப் பௌத்தரைத் தில்லையிலே மாணிக்கவாசகர் வாதில் வென்றாரெனத் திருவாதவூரர் புராணம் கூறுவதும் நீங்கள் அறிந்தவை. ஆனால் அறுபத்துமூவருள் ஒருவர் சாக்கிய நாயனார். அவர் பிறப்பறுக்கும் வழி தேடிக் காஞ்சிக்குச் சென்று பௌத்தம் பயின்று, பின்னர்ச் சிவமே பொருளெனத் தெளிந்தும், சாக்கிய வேடத்தைக் களையாமலே நாடோறுஞ் சிவலிங்கத்தின்மேல் அன்பாற் கல்லெறிந்து முத்தி பெற்றார். சேக்கிழார் அவருடைய காவியுடையைக் கழற்றிவிட்டுப் பாடவில்லை.

தமிழ்நாட்டிலே பௌத்தம் பல நூற்றாண்டு வாழ்ந்தது. மணிமேகலை முழுமையாகக் கிடைத்துள்ளது. குண்டலகேசியிற் சில செய்யுட்களே எஞ்சின. பதினோராம் நூற்றாண்டு இலக்கணமாகிய வீரசோழியத்தைச் செய்த புத்தமித்திரர் பௌத்தர். தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்த இராசராச சோழனே நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அதனைச் செப்பேட்டிற் பொறிப்பித்தவன் அவன் மகன் இராசேந்திரன். 1898இல் மணிமேகலையை அச்சிட முனைந்த உ. வே. சாமிநாதையர், நூல் எச்சமயத்தது என்பதையே முதலில் அறியமாட்டாது திகைத்து, மளூர் ரங்காசாரியர் மூலம் மேனாட்டார் நூல்களிலிருந்து பௌத்தக் கருத்துக்களைக் கேட்டறிந்தார். தமிழில் எழுதப்பட்ட சமயத்தைத் தமிழர் மறந்து, ஜேர்மானியரும் ஆங்கிலேயரும் எழுதியதைக்கொண்டு மீண்டும் கற்கவேண்டியதாயிற்று. இதனினும் வியப்பான செய்தி நம் கல்விச் சரித்திரத்திற் குறைவு.

இலங்கையிலும் அவ்வாறே. கந்தரோடையிலே 1917ஆம் ஆண்டை அடுத்து போல் பீரிஸ் அவர்கள் அகழ்ந்து வெளிப்படுத்திய சிறு தூபிகள் நம் கண்முன் உள்ளன. வல்லிபுரத்திற் கிடைத்து 1936இல் வெளிவந்த பொற்சாசனம் வசப மன்னன் காலத்து விகாரையொன்றைக் குறிக்கின்றது. திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரை சோழர் காலத்திலே இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. அங்கே தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. நம்மவரிற் பலர் இவற்றை வாய்திறந்து பேச அஞ்சுகின்றனர். பேசினால் நாளைக்கு வேலி போட வருவார்கள் என்பது அச்சம். அச்சத்துக்குக் காரணமில்லையென்று யான் கூறேன். வடக்கிலுங் கிழக்கிலும் பழைய கற்குவியல்கள் வழக்குக்குரிய பொருளாகியிருக்கின்றன. மற்றப் பக்கத்திலோ, பௌத்தச் சின்னம் கண்டவிடமெல்லாம் சிங்களவர் மாத்திரமே வாழ்ந்தனர் என்று சாதிப்பார் உளர். சமயம் வேறு, மொழி வேறு என்பதை இரு திறத்தாரும் மறந்தனர். வெல்கம் விகாரையின் கல்வெட்டுத் தமிழில் இருக்கின்றது என்பதைத் தமிழ் வாலிபன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

இந்தியாவிற் பௌத்தம் தேய்ந்த வரலாற்றை விரிக்க நேரமில்லை. அரசர் ஆதரவு குறைந்தது. பக்தி இயக்கம் மக்களைக் கவர்ந்தது. 1200ஆம் ஆண்டை ஒட்டி நாலந்தா அழிந்தது. இலங்கையில் அது நிலைத்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மகிந்தர் கொணர்ந்த தருமம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு கூறும். அந்த ஏட்டு மரபே அசோகனையும் உலகுக்கு மீட்டுத் தந்தது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தார். ஆனால் பியதசி என்ற அரசன் யாவனென அறியாது இடர்ப்பட்டார். அவன் அசோகனே என்று இலங்கைப் பாளி நூல்களைக்கொண்டு காட்டியவர் இங்கு உத்தியோகம் பார்த்த ஜோர்ஜ் ரேணர். கலிங்கத்திலே ஓரிலட்சம் பேர் கொலையுண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் சிறையெடுக்கப்பட்டனர் என்று வென்றவனே வருந்திக் கல்லில் எழுதிய செய்தி அவ்வாறே வெளிப்பட்டது. தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கின்றான் என்ற பொருள்பட அவன் பன்னிரண்டாஞ் சாசனம் பேசுகின்றது. அச்சாசனத்தை இந்நாட்டுப் பாடசாலைகளில் இரு மொழியிலும் தொங்கவிட்டால் நன்று.

நவீன காலத்துப் பௌத்த எழுச்சி நமது எழுச்சியின் உடன்பிறப்பு. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அச்சையும் பிரசங்கத்தையும் பாதிரிமாரிடமிருந்தே கற்று அவர்களுக்கெதிராகப் பயன்படுத்தினார் நாவலர். தெற்கிலே மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அதே கருவிகளைக் கைக்கொண்டு 1873இற் பாணந்துறையிற் பாதிரிமாருடன் வாதிட்டார். நாவலர் 1879இல் மறைந்தார். மறு ஆண்டிலே கேணல் ஒல்கொட் காலியில் வந்திறங்கினார். அநகாரிக தர்மபாலர் 1891இல் மகாபோதி சங்கத்தை நிறுவினார். இரு எழுச்சிகளும் ஒரே காற்றில் வளர்ந்தும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன என்பதே நம் நாட்டின் துர்ப்பாக்கியம். 1897இல் விவேகானந்தர் அநுராதபுரத்திற் பேசியபோது கூச்சலெழுந்து கூட்டங் குழம்பிற்று. அங்கிருந்த இந்துக்களைப் பொறுமையாயிருக்கும்படி சுவாமிகள் தடுத்தார்.

தமிழ்நாட்டிலே அயோத்திதாச பண்டிதர் 1898இல் இலங்கைக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டார். ஒடுக்கப்பட்ட மக்களின் பூர்வசமயம் பௌத்தமே என்பது அவர் கொள்கை. அப்பாதை 1956 அக்டோபர் 14இல் நாகபுரியிற் பெருஞ்சாலையாயிற்று. அன்று டாக்டர் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் புத்தரைச் சரணடைந்தார். அவர் கொடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் ஒன்று, புத்தர் விட்டுணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன் என்பது. நம் மேடைப் பேச்சுக்கு இதனைவிடத் தெளிவான மறுமொழி கிடையாது. 2011ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கிலே இந்தியாவிற் பௌத்தர் ஏறக்குறைய 84 இலட்சம். அவர்களிற் பெரும்பாலார் மகாராட்டிரத்தில் வாழ்வோர்.

அதே 1956ஆம் ஆண்டு, புத்த ஜயந்தி ஆண்டு, இலங்கையில் என்ன நிகழ்ந்தது? யூன் மாதத்திலே சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியென்று சட்டமியற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டு யாப்பும் 1978ஆம் ஆண்டு யாப்பும் பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் அளித்தன. நாகபுரியில் ஒரு சமயம் தாழ்த்தப்பட்டவனுக்குப் புகலிடமாயிற்று. கொழும்பில் அதே சமயத்தின் பெயர் பெரும்பான்மையோர் கைக்கொடியாயிற்று. இரண்டும் ஒரே புத்தரின் ஜயந்தியில் நிகழ்ந்தன.

இதைக் கேட்டு நாம் மகிழ்ந்திருக்க ஒன்றுமில்லை. பிறப்பினால் ஒருவன் இழிந்தவனாகான் என்று புத்தர் போதித்தார். நாவிதராகிய உபாலியைச் சாக்கிய குமாரருக்கு முன்னதாகச் சங்கத்திற் சேர்த்து, அக்குமாரர் அவரை வணங்கும்படி செய்தார். அத்தகைய சங்கத்திலும் இலங்கையிலே சாதி புகுந்தது: சியாம் நிகாயம் உயர்குலத்தாருக்கே உபசம்பதை என்றமையாற் பிறர் பர்மாவுக்குச் சென்று 1803இல் அமரபுர நிகாயத்தைத் தொடங்கவேண்டியதாயிற்று. நம் பக்கத்திலோ, 1950, 1960ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திற் கோயில் வாயிலும் பாடசாலை வாயிலும் அடைபட்ட மக்களில் ஒரு பகுதியார் பௌத்தத்தை நாடினர். அவர்தம் பிள்ளைகளுக்குப் பௌத்த பாடசாலைகளும் எழுந்தன. 1968இல் மாவிட்டபுரத்தில் என்ன நடந்தது என்பதைப் பெரியோரிடங் கேட்டறியுங்கள். மதமாற்றம் என்று கூச்சலிட்டோர் பலர். வாயிலைத் திறந்தோர் சிலர்.

மேனாட்டுச் செல்வாக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். எட்வின் ஆர்னல்ட் 1879இல் எழுதிய காவியத்தைக் கவிமணி ஆசிய ஜோதியாகத் தமிழில் தந்தார். இங்கு நீதவானாயிருந்த றீஸ் டேவிட்ஸ் 1881இற் பாளி நூற்சங்கத்தை இலண்டனில் நிறுவினார். ஜேர்மானியத் துறவியாகிய ஞானதிலோகர் 1911இல் தொடந்துவையிலே தீவாச்சிரமம் அமைத்தார். அவர் மாணவர் ஞானபொனிகர் நற்கடைப்பிடித் தியானத்தைப்பற்றி எழுதிய நூல் உலகெங்கும் பரவிற்று. 1979இல் மசசூசெற்சு சர்வகலாசாலை வைத்தியசாலையில் அத்தியானம் நோயாளர் வலிதணிக்கும் பயிற்சியாகப் புகுந்தது. இந்துக் குடும்பத்திற் பர்மாவிற் பிறந்த கோயங்கா 1969 முதல் இந்தியாவில் விபசனா கற்பித்தார். 1994இல் டில்லி திகார்ச் சிறையில் ஆயிரம் கைதிகள் வரை அமர்ந்து பயின்றனர். இவற்றால் நன்மையுண்டு. ஆயினும், சீலத்தை நீக்கிவிட்டு மூச்சைக் கவனித்தலை மாத்திரம் விற்கும் கடைகளும் பெருகிவிட்டன. யோகத்துக்கு நேர்ந்த கதி அதற்கும் நேர்ந்தது என்பதை நாம் நன்கறிவோம்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வரும் ஆண்டில் வெள்ளிக்கிழமை வகுப்பிலே மணிமேகலையின் இறுதி இரண்டு காதைகளையும் பரபக்கத்துப் பௌத்தப் பகுதியையும் ஒருசேரப் படிக்க ஒழுங்கு செய்யுங்கள். பாளி கற்ற பிக்கு ஒருவரை அழைத்து, தேரவாதம் இவற்றுள் எதனை ஏற்கும், எதனை மறுக்கும் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாதாயின் மொழிபெயர்க்க நம்மில் ஒருவர் சிங்களம் படித்திருக்கவேண்டும். அதற்குரிய வகுப்பையும் உடன் தொடங்கலாம். நூல்கள் இரண்டும் சங்க நூல்நிலையத்தில் உள்ளன.